மருமகளுக்குப் பலப்பரீட்சை

தேத்தண்ணித் தட்டோடு வந்த பெண்ணின் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். கந்தையா மட்டும் மணிக்கட்டைப் பார்த்தார். நேற்று நட்ட ரப்பர்க் கன்று மாதிரி இருந்தது. மனசு விட்டுப்போயிற்று.

அவர் கவலை அவருக்கு. மகன் கிருஷாந்த் பளு தூக்குகிறவன். தெஹியோவிட்டப் பக்கம் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இரத்தினபுரியில் மாகாணப் போட்டி என்று போனால் மூன்று வருஷமாக இரண்டாம் இடம்தான். கடைசித் தூக்கில் இரும்பைத் தலைக்கு மேலே கொண்டுபோய்விட்டுத் தொப்பென்று போட்டுவிடுவான்.

போன போட்டியில் ஒரு டாக்டர் மைக்கைப் பிடித்து, பலம் காட்டுகிற விளையாட்டுக்குப் பிறவியிலேயே ஒரு கூறு வேண்டும், அது தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி வரும் என்றார். அது மட்டும் போதாது, பயிற்சியும் சாப்பாடும் வேண்டும் என்று அவர் சொன்னபோது கந்தையா வெற்றிலை வாங்கப் போயிருந்தார். டாக்டர்மார் பேச்சு எதையும் நம்பாத மனுஷன், இதை மட்டும் நம்பினார். தன் பாதியில் குறை இருக்க முடியாது. ஆகவே குறை முழுக்க ஜெயம்மாவின் பாதியில். அன்றிலிருந்து பெண்டாட்டியைப் பார்த்தாலே பெருமூச்சு.

பேரனாவது முதலாவதாக வர வேண்டும். அதற்குத் தெம்பான மருமகள் வேண்டும். கிருஷாந்த் அதற்குள் மூன்று இடத்தைத் தட்டிக் கழித்திருந்தான். தரகர் லாபிர் சொன்ன இந்தக் கொடகவெலப் பெண் விஜயகலாவுக்கு மட்டும் படம்கூடப் பார்க்காமல் தலையாட்டினான். சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று கந்தையா முடிவு கட்டினார்.

மூலையில் ஓர் அரிசி மூட்டை கிடந்தது. தன் மோதிரம் அதற்கடியில் உருண்டுவிட்டது, பிள்ளை கொஞ்சம் தூக்கட்டும் என்றார். பெண்ணின் தகப்பன் சுந்தரலிங்கம் ஓடிவந்து தானே தூக்கினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. மோதிரம் கந்தையாவின் விரலிலேயே இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அதைச் சமாளிக்க, தலை சுற்றுகிறது என்று பெண் நின்ற பக்கமாகச் சாய்ந்தார். பிடிப்பாள், பிடியின் பலத்தைப் பார்க்கலாம் என்பது கணக்கு. அவள் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டாள். கந்தையா தேத்தண்ணித் தட்டின் மேல் விழுந்தார். பெண்ணின் தாய் வெள்ளையம்மாவின் புதுச்சேலை முழுக்கத் தேத்தண்ணி.

சுந்தரலிங்கம் இடுப்பைப் பிடித்தபடி கேட்டார்: "ஒங்களுக்கு என்னதாங்க வேணும்? வெளிப்படையாச் சொல்லிருங்க."

இனிச் சுற்றி வளைக்கக் கந்தையாவுக்கு வழியில்லை. டாக்டர் பேச்சு, பாதிக் கணக்கு, ஜெயம்மாவின் குறை, வரப்போகும் பேரன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"மாட்டத்தான் பல்லப் புடிச்சுப் பாத்து வாங்குவாங்க," என்றார் வெள்ளையம்மா. "எம் புள்ளைக்கு வேற எடம் கெடைக்கும். நீங்க கெளம்புங்க."

கிருஷாந்தின் முகம் செத்துப்போயிற்று. கூட வந்திருந்த ஜெயம்மா வாயைத் திறந்தார்.

"இத்தன வருஷமா மலையில ரப்பர்ப் பால் வாளி சொமந்தது நானு. இவரு கணக்கப்புள்ள மாதிரி கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. இப்ப எம் பாதியிலதான் கொறையாம்."

கந்தையா விடுகிற ஆளா. "கொறை இல்லாட்டி இவன் ஏன் வருஷா வருஷம் கடைசித் தூக்குல கீழ போடுறான்? அதுக்கு யாராச்சும் ஒரு பதில் சொல்லுங்க. சொன்னா, இந்த நிமிசமே தட்டு மாத்திக்கிறேன்."

லாபிர் வேனைக் கிளப்பச் சாவியை எடுத்துவிட்டார். விஜயகலா கீழே கிடந்த கோப்பைகளைப் பொறுக்கியபடி, நிமிர்ந்து பாராமல் சொன்னாள்:

"நாந்தான் போடச் சொன்னேன், மாமா. மொதலாவதா வந்தா கொழும்பு கேம்புக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க, அப்புறம் நாங்க ரெண்டு பேரும் எப்பிடிப் பாத்துக்கிறது?"