நியூட்ரினோ பிடிக்கிற மாப்பிள்ளையும் அவருடைய அண்ணனும்

அன்புள்ள மச்சான் ஞானப்பிரகாசம் அவர்களுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் என் முழங்கால் வலியும் சுகம். நீங்களும் என் தங்கையும் சுகமாயிருக்க மாதாவையே கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லச் சொல்ல பேத்தி சரோன் எழுதுகிறாள்.

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷத்திலிருந்து இது மூன்றாவது வருஷம். றப்பர் மலை சரிந்து கரவனெல்ல பஸ் ஏழு நாள் வராமல் போனதும் இதே வருஷம்தான். போன ஞாயிறு, நீங்கள் சரோனுக்குப் பார்த்த மாப்பிள்ளை ரெஜினோல்ட் அண்ணனோடு வந்தார், உட்கார்ந்தார், வாயே திறக்கவில்லை. நான் வேலையைக் கேட்டதும் அதைப் பற்றி மட்டும் பேசினார்.

"நியூட்ரினோ ஆராய்ச்சிங்க தாத்தா. சூரியன்லேருந்து வர்ற துகளு. செக்கனுக்குக் கோடிக்கணக்குல ஒங்க ஒடம்புக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போவுது."

"யாரக் கேட்டுப் போவுது?"

நாற்பது வருஷம் தோட்டத்துக் கேட்டில் வாச்சராக நின்றவன் நான். துண்டுச்சீட்டுக் காட்டாமல் ஒரு சுள்ளி வெளியே போனதில்லை. "புடிச்சு நிறுத்த வேண்டியதுதானே?" என்றேன்.

"வெளிச்சம் ஒரு வருஷம் ஓடுற தூரத்துக்கு ஈயச் சுவரு கட்டினாலும் பாதி தப்பிச்சுரும் தாத்தா. எங்க தொட்டியில வருஷத்துக்கு நாப்பது சிக்கினா பெரிசு."

"பெறகு அதோட கொணம் எப்பிடித் தெரியும்?"

"அதுக்கு எலக்ட்ரோன்னு ஒரு சொந்தக்காரன் இருக்கான். எந்த அணுக்கருவக் கண்டாலும் முட்டாமப் போவமாட்டான். அவன மோதவிட்டு, செதர்றதப் பாத்து, நியூட்ரினோ எப்பிடி நடந்துக்கும்னு ஊகிப்போம்."

நல்ல வழி மச்சான்! வேலையைத் தவிர வேறு எதுவும் பேசாத மாப்பிள்ளையை விட்டுவிட்டு நானும் அண்ணனை விசாரித்தேன். அந்த ஆள் பஸ் இறங்கி எங்கள் லயத்து வீட்டுக்கு வருவதற்குள் கங்காணியோடு சண்டை, மணியடிக்கிற கோயில்பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுகை, கடை நாயோடு வாய்த்தகராறு. இரத்தம் ஒன்றுதானே? ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

இந்த வரி வந்ததும் சரோன் பேனாவை மூடிவிட்டாள். "வெடிக்கப்போற நட்சத்திரத்துக்கு நடுவுல, ஒரு கரண்டி மண்ணு மலையாட்டம் கனக்குற எடத்துல, நியூட்ரினோகூட சிக்கிக்குமாம் தாத்தா. அவரு ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு இங்கயே உக்காந்திருந்தாரே!"

"எழுதுடீ" என்றேன். எழுதினாள்.

சர்வேசுரன் உங்கள் கூரையை ஒழுகாமல் காப்பாராக.

இப்படிக்கு, கைநாட்டு வைக்கும் உங்கள் மச்சான்.

பி.கு.: கடிதத்தை வாசிக்கக் கேட்ட என் வீட்டுக்காரி தெரேசம்மா, வெள்ளைத் துரைமார் தோட்டத்தை விட்டுப் போன வருஷத்துக் கதையை எடுத்துவிட்டாள். அவளைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு நானும் வாயே திறக்கவில்லை. என் அண்ணனைத்தான் விசாரித்தார்கள். அவன் அப்போது பொலிசில் அடைபட்டிருந்தான். மச்சான், மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டு மாப்பிள்ளையை வரச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தக் காம்பரா அறையில் அவளோடு சேர்த்து அவள் பக்கம் பதினொரு பேர். பத்துப் பேர் என்னை வேண்டாம் என்றார்கள், பத்துப் பேரும் செத்துப் போய்விட்டார்கள். வேணும் என்று சொல்லி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறவள் தெரேசம்மா ஒருத்திதான்.