விராலின் கைநாட்டு

சேசு, மரி, சூசை துணை

கொரட்டூர்,
22-11-1987

வேப்பம்பட்டில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் டேவிட் அவர்களுக்கு, மாப்பிள்ளை வேதமுத்து எழுதுவது. நானும் உங்கள் தங்கை தெரசாவும் நலம். மழையில் கிணறு மேலே வந்துவிட்டது. உங்கள் மூட்டு வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஈஸ்டர் விருந்தில், கொரட்டூர் ஏரியில் நான் பிடித்த விராலின் நீளத்தைக் கை விரித்துக் காட்டியபோது, "மாப்ளே, கைய கொஞ்சம் சுருக்கிக்கோ, செவுத்துல இடிக்கப் போவுது" என்றீர்கள். பந்தியே சிரித்தது. பாயசத்துக்கு நிற்காமல் எழுந்து வந்தவன்தான், ஏழு மாதமாக உங்கள் வாசலை மிதிக்கவில்லை. நீங்களும் வரவில்லை. எனக்கு அது வலித்தது மச்சான், இன்னும் வலிக்கிறது. கிறிஸ்துமசுக்கு நீங்கள் வந்தே தீரவேண்டும். ஆனால் வேதமுத்து பொய் சொல்பவன் இல்லை என்று ஒப்புக்கொண்டு வரவேண்டும். அதற்கான சாட்சியை இத்துடன் இணைத்துள்ளேன்.

எங்கள் கம்பெனிக்கு மிஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர் ஒருவர் சொன்னார்: அவர்கள் ஊரில் மீன் பிடித்தால் அதன்மேல் மை தடவி, காகிதத்தை ஒற்றி எடுத்துச் சுவரில் மாட்டுவார்களாம். மீனே வைக்கும் கைநாட்டு! அப்புறம் எந்த மச்சானும் வாய் திறக்க முடியாது. மீன் மட்டும் ஃப்ரெஷ்ஷாக இருக்கவேண்டும் என்றார். நம் மார்க்கெட்டில் ஃப்ரெஷ் என்றால் துள்ளவேண்டும் அல்லவா? நேற்று ஏரியில் என் தூண்டிலில் விழுந்த விராலை அப்படியே உயிரோடு வாளியில் கொண்டுவந்து, ஆபீஸ் ஸ்டாம்ப் பேடுக்கு ஊற்றும் ஊதா மையைத் தடவினேன். விரால் லேசில் சாகாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை. காகிதம் பட்டதும் எகிறியது பாருங்கள், முதலில் காலண்டர் மேல், அங்கிருந்து தெரசா பூசைக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைப் புடவை மேல், கடைசியில் டம்ளரைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டு வரலட்சுமியின் கால் மேல். அந்த அம்மாள் அலறி முடித்துவிட்டு, "இன்னாண்ணே, மீனுக்கு மை வச்சிகினு கீறீங்க, ஓட்டு போடப் போவுதா?" என்று கேட்டது. தெருவே இப்போது அதைத்தான் கேட்கிறது.

தெரசா விராலைத் தூக்கிப்போய்க் கல்லில் ஒரே அடி, சாம்பல் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்து, என் முன்னால் வைத்தாள். "எங்கண்ணன நம்ப வெக்கிறதுக்கு என் பொடவதான் கெடச்சிதா? சீக்கிரம் ஒத்தி எடு, உல காயுது." மறுபடி மை தடவி, காத்தாடித் தாளை விரித்து ஒற்றினேன். மச்சான், செதில் செதிலாக, துடுப்பு உட்பட விழுந்தது! இரண்டடி இரண்டங்குலம், ஸ்கேல் வைத்து அளந்தேன். மையைக் கழுவித் தோலை உரித்துத்தான் குழம்பு வைத்தாள், பயப்படவேண்டாம்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. வேளாங்கண்ணி மாதா உங்கள் முழங்காலைக் காப்பாளாக.

இப்படிக்கு,
உண்மையே பேசும்
வேதமுத்து

பி.கு.: காகிதம் உறைக்குள் நுழையவில்லை. நான் கோந்து வாங்கி வருவதற்குள் தெரசா அதை மூன்றாக நறுக்கிவிட்டாள். தலையும் வாலும் இதில் உள்ளன. நடுத்துண்டு எங்கே என்றேன். "அது எங்கண்ணனுக்கு. ஊட்டுக்கு வந்து வாங்கிக்கட்டும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். தலையையும் வாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், கெண்டைக் குஞ்சு மாதிரி இருக்கிறது. தயவுசெய்து யாருக்கும் காட்டவேண்டாம். மேலே எழுதியதை விட்டுவிடுங்கள் மச்சான், நம்பாமலே வந்தாலும் போதும்.