வெள்ளை போர்டு தாய்மாமன்

செவ்வாய்க்கிழமை வேலை ரொம்ப சாதாரணம். ஸ்டேஷன்ல ரெண்டு பேரை ஏத்தணும், கோயிலுக்கு கூட்டிக்கினு போவணும், ஓரிக்கையில ஒரு தறிக்காரர் வீட்ல பட்டுப் பொடவை எடுக்க வெச்சி, சாயந்திர ரயிலுக்குத் திருப்பி விடணும்.

ஒரே ஒரு இடைஞ்சல். என் கார் வெள்ளை போர்டு.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். வெள்ளை நம்பர் பிளேட்னா சொந்த உபயோகம். வாடகைக்கு ஆள் ஏத்தணும்னா மஞ்ச போர்டு போடணும். அதுக்கு ஆர்.சி.ய மாத்தணும், பர்மிட் எடுக்கணும், எஃப்.சி. காட்டணும், இன்சூரன்ஸும் வேற மாதிரி போடணும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் வெச்சிருக்கறது ஜெராக்ஸ் கடை. ஸ்டேஷன் ஸ்டாண்டுல நிக்கற டாக்ஸிங்கள்ல பாதிக்கு பர்மிட் அப்ளிகேஷன் போட்டுக் குடுத்ததே நான்தான். "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்பா, குறுக்கு வழியெல்லாம் நம்மகிட்ட கிடையாது"ன்னு கவுண்டர்ல உக்காந்துக்கினு லெக்சர் வேற அடிப்பேன்.

என் வண்டிக்கு மட்டும் போடல. ஏன்னா, மஞ்ச போர்டு போட்டா தெருவுல என்னை டிரைவர்னு சொல்லிடுவாங்களாம். வெள்ளை போர்டுன்னா ஓனராம். இந்த லட்சணத்துல மூளை வேலை செஞ்சா மனுஷன் உருப்படுவானா?

ஓனரும் நான் இல்ல. ஆர்.சி. என் பொண்டாட்டி செல்வி பேர்ல இருக்குது.

அவ தெளிவா சொல்லி வெச்சிருந்தா. "மஞ்ச போர்டு மாத்தற வரைக்கும் ஒரு சவாரி கூட கூடாது. வண்டிய புடிச்சா ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல போயி நிக்கப் போறது நான்தான். இன்னொரு வாட்டி பொய் சொன்னேன்னு தெரிஞ்சுது, அவ்ளோதான்." தலையில அடிச்சி சத்தியம் பண்ணேன். அப்புறம் செவ்வாய்க்கிழமை காலையில, "வாட்டர் வாஷ் பண்ணிக்கினு வந்துடறேம்மா"ன்னு சொல்லிட்டு சாவிய எடுத்தேன்.

வந்தவங்க புருஷன் பொண்டாட்டி, மதுராந்தகம் பக்கம். பொண்ணுக்கு கல்யாணம். முதல் பத்திரிகைய காமாட்சியம்மன் கிட்ட வெச்சிட்டு, அப்படியே முகூர்த்தப் பொடவையும் எடுக்கலாம்னு வந்துக்கிறாங்க.

ஸ்டேஷன்லயே ரகசியமா சொல்லி வெச்சேன். "வழியில யாராவது நிறுத்திக் கேட்டா, சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க."

"இன்னா சொந்தம்?" அந்தம்மா கேட்டாங்க.

"எதையாவது சொல்லுங்கக்கா."

"எதையாவது எப்டிப்பா சொல்றது? அக்கான்னு கூப்ட்ட இல்ல, அப்ப நீ எனக்கு தம்பி. பொண்ணுக்குத் தாய்மாமன்." அவங்களுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் புடிச்சிருந்தது. வீட்டுக்காரரு ஒன்னுமே பேசல. அவரு பொறந்ததுலேர்ந்தே பேசல போலிருக்குது.

கோயில் முடிஞ்சுது. ஓரிக்கை ரோட்டுல திரும்பினேன், நூறடி தாண்டல, பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பு நிக்குது. அவரே ரோட்டுக்கு வந்து கையக் காட்டினாரு.

நான் கண்ணாடிய இறக்கிட்டு ஓனர் மாதிரி சிரிச்சேன்.

"இன்னாப்பா, சவாரியா?"

"அய்யோ, இல்ல சார். அக்கா. மாமா. எங்க அக்கா பொண்ணு கல்யாணம்."

அவரு வண்டிய ஒரு சுத்து பார்த்தாரு. "அக்கா பின்னாடி, மாமா பின்னாடி, முன் சீட்ல கூடை மட்டும் உக்காந்துக்கினு வருது. மச்சான் வண்டியில எந்த மாமாப்பா பின்னாடி உக்காருவாரு?"

ஊருக்கெல்லாம் ஃபாரம் ரொப்பறவனுக்கு இது தோணல பாருங்க. ஆனா அந்தம்மா அசரல. முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடைச்சாங்க.

"சார், நாங்க பேசி பத்து வருஷம் ஆவுது. சொத்துத் தகராறு. இன்னிக்குத்தான் என் தம்பி மனசு மாறி வந்துக்கிறான். அவரு கோவம் இன்னும் தீரல, அதான் பின்னாடி உக்காந்துக்கினு வர்றாரு."

வீட்டுக்காரரு பேசாம இருந்ததுக்கு அர்த்தம் கிடைச்சிடுச்சி. இன்ஸ்பெக்டர் கூட ஒரு நிமிஷம் இளகிட்டாரு. நான் பின்னாடி திரும்பி மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டேன்.

"சந்தோஷம்மா. தம்பி பேரு இன்னா?"

அந்தம்மாவுக்கு என் பேரு தெரியாது. நான் சொல்லவே இல்ல. "தம்பின்னுதான் சார் கூப்டுவோம்."

"சரி. தாய்மாமன் நீ சொல்லு, பொண்ணு பேரு இன்னா?"

"பாப்பா சார். பாப்பான்னுதான் கூப்டுவோம்."

"உங்க குடும்பத்துல யாருக்குமே பேரு வெக்கலியா?"

சொல்லிட்டு, முன் சீட்டுக் கூடைய எட்டிப் பார்த்தாரு. மஞ்சள் தடவின பத்திரிகை கட்டா இருந்தது. ஒன்னை எடுத்துப் பிரிச்சி, நேரா கடைசிப் பக்கத்துக்குப் போனாரு. நம்ம பக்கம் சாமி பேரை விட்டாலும் விடுவாங்க, தாய்மாமன் பேரைப் போடாம பத்திரிகை அடிக்க மாட்டாங்க. இந்த விவரம் எனக்குத் தெரியாதா? தெரியும். அதே ஜெராக்ஸ் கடையில பத்திரிகைக்கு டைப் அடிச்சிக் குடுக்கறவனும் நான்தான்.

"தாய்மாமன், ஏழுமலை"ன்னு சத்தமாப் படிச்சாரு.

"நான்தான் சார் ஏழுமலை"ன்னேன்.

"லைசென்ஸக் குடு."

லைசென்ஸ்ல தண்டபாணின்னு இருக்குது. "அது ஸ்கூல்ல வெச்ச பேரு சார்"னு சொன்னேன். இந்த வாய அன்னிக்கே தெச்சிருக்கணும்.

அவரு கோவமே படல. ஆர்.சி.ய வாங்கினாரு. "வண்டி செல்வி பேர்ல இருக்குது. யாரு?"

"என் வீட்டுக்காரம்மா சார்."

"நம்பரச் சொல்லு."

"சார், ஃபைன் எவ்ளோன்னாலும் கட்டிடறேன் சார். அங்க மட்டும் வேணாம் சார்." அவரு போனை ஸ்பீக்கர்ல போட்டாரு.

"அம்மா, ஆர்.டி.ஓ. ஆபீஸ்லேர்ந்து பேசறோம். உங்க வண்டி ஓரிக்கை ரோட்ல நிக்குது."

"ஓரிக்கையிலயா? வாட்டர் வாஷுக்குல்ல சார் போச்சு?"

"நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்குப் பொடவை எடுக்க வந்துக்கிறாராமே."

"எந்த நாத்தனாரு? அவரு வீட்ல ஒத்தப் புள்ள சார்."

இதோட முடிஞ்சிருந்தா ஃபைனோட போயிருக்கும். அந்தம்மா விடல. பின் சீட்லேர்ந்து குரல் குடுத்தாங்க.

"பார்த்தீங்களா சார், இவ இப்டிப் பேசிப் பேசித்தான் எங்களப் பிரிச்சா. பத்து வருஷமா அழுவறேன் நான்."

போன்ல செல்வி கேட்டா, ரொம்ப மெதுவா. "யாரு சார் அந்தப் பொம்பளை?"

அப்பத்தான் வீட்டுக்காரரு வாயத் தொறந்தாரு. "டிரைவர், எங்களுக்குப் பொடவைக்கு நேரமாவுது. வேற வண்டி சொல்லு."

சொன்னேன். வந்தது ஸ்டேஷன் ஸ்டாண்டு மஞ்ச போர்டு. அவனுக்குப் பர்மிட் போட்டுக் குடுத்தவன் நான். என்னை ஏற எறங்கப் பார்த்தான். "இன்னாண்ணா, குறுக்கு வழியெல்லாம் நம்மகிட்ட கிடையாதே?" அவங்கள ஏத்திக்கினு போயிட்டான். அந்தம்மா கையாட்டிக்கினே போனாங்க, "வரட்டுமா தம்பி"ன்னு.

என் வண்டிய ஆபீஸுக்கு ஓட்டிக்கினு போனாங்க. நான் டவுன் பஸ்ல வீட்டுக்கு வந்தேன்.

செல்வி சண்டை போடல. நேரா என் கடைக்கு வந்து, என் சீட்ல உக்காந்து, மஞ்ச போர்டு மாத்தற ஃபாரத்தை அவளே ரொப்பினா. ஒரு எடத்துல கூட என்னைக் கேக்கல. மறுநாள் ஆபீஸுக்கும் தனியாவே போனா.

அது சவாரிதான், அந்தம்மா யாருன்னே தெரியாது, எல்லாம் சும்மா சொல்லி வெச்ச பொய்னு பத்து வாட்டி சொன்னேன். "தெரியாதவங்க எதுக்கு அழுவறாங்க?"ன்னு கேட்டா.

மூணாம் நாளு கொஞ்சம் இறங்கி வந்தா. காப்பி குடுத்தா. அந்த நேரம் பார்த்து, சவாரி பேசின நம்பர்லேர்ந்து என் போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவளே எடுத்துப் போட்டா.

"தம்பி, அக்கா பேசறேன். பொடவை நல்லா அமைஞ்சிடுச்சி. கல்யாணத்துக்கு அவசியம் வந்துடு. அவ தடுத்தா கூட வந்துடு."

வண்டிய அன்னிக்கே ஆபீஸ்லேர்ந்து ரிலீஸ் பண்ணிட்டாங்க. வீட்ல என் விசாரணை இன்னும் நடந்துக்கினு இருக்குது.