மண்ணூர் கூட்டு ரோட்டில் நான் கட்டிய பேனர்

மதிப்பிற்குரிய சம்பந்தி வரதராஜன் அவர்களுக்கு,

மண்ணூர் மாரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மானம் ஒன்றைத் தவிர எல்லாம் நலம். நீங்கள் போனை எடுக்காததால் எழுதுகிறேன். தயவுசெய்து நிச்சயதார்த்தத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

நிச்சயதார்த்தத்துக்காகக் கூட்டு ரோட்டில் நான் கட்டிய பேனரில் பின்னால் கோயில் தெரியட்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். மகள் பிரவீனா தன் போனிலிருந்து ஒரு தூண் படத்தை அனுப்பினாள். கண்ணாடி போடாமல் பார்த்தேனா, யாரோ இரண்டு பேர் நாட்டியம் ஆடுவதுபோல் இருந்தது. பிளக்ஸ் கடை அருள்பாண்டி திருநெல்வேலிக்காரன், "அண்ணாச்சி, இதையா போடச் சொல்லுதிய? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கத்தான் கேட்டான். "சாமி விஷயத்துல குறுக்கப் பேசாத, பெருசாப் போடுப்பா" என்று அதட்டியது நான்தான். கோயிலில் அது ஒரு முழம்கூட இருந்திருக்காது, சிற்பி அடக்கமாக ஒரு மூலையில்தான் செதுக்கியிருப்பான். நான் இருபது அடிக்கு ஏற்றி நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். ஐயோ சம்பந்தி, பேருக்குக்கூட ஒரு துணி இல்லை! அதற்கு மேலே 'பெரியோர்கள் நிச்சயித்தபடி' என்று கொட்டை எழுத்து, நேர் கீழே கைகூப்பிக்கொண்டு நீங்களும் சம்பந்தியம்மாவும்.

காலை ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸெல்லாம் வரிசையாக நின்றுவிட்டன, ஒருத்தன் ஹாரன் அடிக்கவில்லை. "இன்னா மாமே, கல்யாணத்துக்கு முன்னாடியே டிரெய்னிங் குடுக்கறாங்களா?" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். உங்கள் தம்பியும் அந்த பஸ்ஸில்தான் இருந்தாராம். என் வீட்டுக்காரி கோவிந்தம்மா, "யோவ், இன்னாத்தப் பாத்துக்கினு நிக்கற, ஏறி மூடுய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவசரத்துக்கு வேறு துணி ஏது? கட்டியிருந்த வேட்டியையே அவிழ்த்து ஏணியில் ஏறிப் போர்த்தினேன். அது சிலைகளின் முகங்களைத்தான் மறைத்தது, மறைக்க வேண்டியது அப்படியே நின்றது. பட்டாப்பட்டி டவுசரோடு என்னையும் சேர்த்துப் படம் பிடித்துவிட்டார்கள். வெட்கத்தில் நான் டீக்கடைப் பக்கம்கூடப் போகவில்லை.

தப்பு முழுக்க என்னுடையது. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். பெண் என்ன பாவம் செய்தாள், ஒன்றும் அறியாத பிள்ளை. உங்கள் மகன் இனியவனும் தங்கமான பையன். நீங்களும் சம்பந்தியம்மாவும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

தலை நிமிர முடியாத,
மாரி

பி.கு.: உறையை ஒட்டும்போது, "அந்தக் கோயிலுக்கு நீ எப்பம்மா போனே?" என்று பிரவீனாவைக் கேட்டேன். படம் எடுத்ததே மாப்பிள்ளைதானாம். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் பைக்கில் கோயில் கோயிலாகச் சுற்றியிருக்கிறார்கள். கோவிந்தம்மா அவளைத் தனியே கூப்பிட்டு மற்றதையும் விசாரித்துவிட்டாள். ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பில் பாதி உங்களுடையது. நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிடுங்கள், இந்த மாதமே நேராகக் கல்யாணத்தை வைத்துவிடுவோம். நாம் தாத்தா ஆகப்போகிறோம்.