மத்தியானப் பாட்டுக்கு மூன்றாவது ஆள்

சங்கரன்கோவிலில் பாம்பை அடிக்க மாட்டார்கள். வீட்டுக்குள் வந்தால்கூட கம்பைத் தேட மாட்டார்கள். கோமதியம்மனை நினைத்து உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அது தன்பாட்டுக்குப் போய்விடும். அப்பேர்ப்பட்ட ஊரில் பூக்கடை துரைப்பாண்டி, பதினொரு மணிச் சாப்பாட்டுக்கும் மத்தியானத் தூக்கத்துக்கும் நடுவில், படுத்த வாக்கில், தினமும் நூற்றைம்பது பாம்பு கொன்றார்.

எல்லாம் செல்போனில்தான். விரலால் நம் பாம்பை ஓட்ட வேண்டும். எதிரில் வருகிற பாம்பு நம் உடம்பில் முட்டினால் செத்து, மணிமணியாகச் சிதறும். அதைத் தின்றால் நம் பாம்பு வளரும். நாம் போய் முட்டினால் நாம் காலி. கேம் சும்மாவே கிடைக்கும். ஒரு டீ வடைக் காசைக் கட்டினால் விளம்பரம் வராது. துரைப்பாண்டி கட்டியிருந்தார். இன்னொரு டீ வடைக்கு அவர் பாம்புக்குத் தங்க நிறமும் வாங்கியிருந்தார். பெயர் ராஜநாகம்.

அந்தக் கேமில் ஊர் ஊராகப் பட்டியல் உண்டு. மாதக் கடைசி நாள் மத்தியானம் யார் முதலில் நிற்கிறாரோ அவர் பெயருக்கு மேல் ஒரு கிரீடம் வைப்பார்கள். ஒரு மாதம் முழுக்க அந்த ஊரில் கேம் ஆடுகிற எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும். ஜூலை இருபத்தைந்தாம் தேதி சங்கரன்கோவில் பட்டியலில் ராஜநாகம் முதலிடம். துரைப்பாண்டிக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, வீட்டில் நாலாவது பிள்ளை, பூ மார்க்கெட்டில் பதினேழாவது கடை. எதிலாவது முதல் ஆளாக வர வேண்டும் என்று அவர் எவ்வளவு ஏங்கினார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஆறே நாள்.

இடையில் ஒரு சத்தியம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் மனைவி ராஜகுமாரி வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"விடியுமுன்ன மூணு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போறீங்க. ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கிருதீங்க. நடுவுல இருக்கது இந்த ரெண்டு மணி நேரம். அதையும் பாம்புக்குக் குடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்?"

"உனக்கு என்னட்டி வேணும்?"

"ரெண்டு வார்த்தை பேசுங்க. இல்லன்னா பேசாமயாவது இருங்க. அந்தப் போனை வைங்க."

சுவரில் கோமதியம்மன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. அதைத் தொட்டு, மத்தியானம் கேம் ஆடுவதில்லை என்று துரைப்பாண்டி சத்தியம் செய்தார். மனதாரத்தான் செய்தார். மறுநாள் மத்தியானம்தான் கவனித்தார், அது போன வருஷத்துக் காலண்டர். தேதி முடிந்துபோன காலண்டரில் செய்த சத்தியம் எப்படிச் செல்லும் என்று அவருக்கு நியாயமான சந்தேகம் வந்தது.

சந்தேகத்துக்கு வழியும் கிடைத்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் காவியா, போன தடவை வந்தபோது இரண்டு பேர் போனிலும் ஒரு பாட்டு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் ஒரு அறை திறக்கலாம். அறைக்குள் இருக்கிறவர்கள் எங்கே இருந்தாலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்கலாம். பிடித்தால் ஹார்ட்டு விடலாம், ஏதாவது எழுதலாம். உள்ளே எத்தனை பேர் என்று மூலையில் எண் தெரியும்.

"ராஜி, நான் உள்ள படுத்துக்கிட்டுக் கேக்குதேன். நீ இங்கன தச்சுக்கிட்டே கேளு. ரெண்டு பேரும் சேந்து சாமி பாட்டு கேப்போம்."

ராஜகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைப் பார்த்து துரைப்பாண்டிக்கும் ஒரு நிமிஷம் என்னவோ போல் இருந்தது. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டி, கேமின் சத்தத்தை அடைத்துவிட்டு, பாம்பை ஓட்ட ஆரம்பித்தார். பாட்டுக்கு ஒரு ஹார்ட்டு. பத்துப் பாம்புக்கு ஒரு பாட்டு. அவளும் மத்தியானத்தில் மெஷினை ஓட்டாமல், கொக்கி வைக்கிற வேலையை வைத்துக்கொண்டு, அமைதியாகக் கேட்டாள். குடும்பம் நன்றாகத்தான் போனது.

இருபத்தாறாம் தேதி மத்தியானம் மூலையில் இருந்த எண் மூன்று ஆனது.

துரைப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மூன்றுதான். முதல் ஆள் அவர், இரண்டாவது ராஜகுமாரி. மூன்றாவது ஆளுக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் படம். பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு புற்று.

வெளியே தெருவில் ஆள் இல்லை. வெயில் சுவரை ஒட்டி நின்றது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. காதில் ஓடிக்கொண்டிருந்த அம்மன் பாட்டு பாதியில் நின்று, மகுடி கேட்க ஆரம்பித்தது. சொல் கிடையாது, தாளம் கிடையாது. யாரோ மூச்சு வாங்காமல் ஊதுகிறார்கள்.

"ராஜி, நீயாட்டி மகுடி போட்ட?"

"மகுடியா? அம்மன் பாட்டுல்லா ஓடுது."

அவர் ஒரு காதில் இருந்து இயர்போனை எடுத்தார். கூடத்தில் அம்மன் பாட்டு. மற்றக் காதில் மகுடி. இரண்டையும் மாறி மாறிக் கேட்டார். அவருடைய வலது கை மயிர் மட்டும் தனியாக எழுந்து நின்றது.

மறுநாள் மூன்றாவது ஆள் சரியாக உச்சிப்பொழுதில் வந்தது. வந்ததும் எழுதியது.

'இன்னைக்கு எத்தனை?'

அன்று அதுவரை துரைப்பாண்டி கொன்றது எழுபத்திரண்டு. எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழக்க தோஷத்தில் கேமுக்குள் போனார். அங்கே ஒரு கறுத்த பாம்பு நின்றது. நின்றது என்றால், அந்தக் கேமில் எந்தப் பாம்பும் ஓரிடத்தில் நிற்க முடியாது. இது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அதே இடத்தில் கிடந்தது. மற்ற பாம்புகள் தலைக்கு மேல் எல்லாம் பெயர் இருக்கும். இதன் தலைக்கு மேல் வெறுமை. ராஜநாகத்தைக் கண்டதும் சுற்றைப் பிரித்தது. முட்ட வரவில்லை. வெட்டிப் போகவும் இல்லை. சாவகாசமாக ராஜநாகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. உள்ளே இன்னொரு வட்டம். அதற்குள் இன்னொன்று. திரும்ப இடமில்லாமல் தங்கப் பாம்பு தன் தலையைத் தானே கொண்டுபோய் முட்டிச் சிதறியது.

காதில் மகுடி நின்றுவிட்டது. அவ்வளவு அமைதியை அவர் அந்த வீட்டில் கேட்டதே இல்லை.

நாலு மணிக்குக் காப்பிகூடக் குடிக்காமல், நியாஸ் அகமதுவின் மொபைல் கடைக்குப் போனார். நியாஸ் ஒரு போனைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான்.

"தம்பி, கேம்ல பேரில்லாம ஒருத்தன் ஆட முடியுமாப்பா?"

"முடியாது அண்ணாச்சி. ஒரு எழுத்தாவது போடாம உள்ள விடாதுல்லா."

"நான் பாத்தேன்."

நியாஸ் திருப்புளியைக் கீழே வைத்தான். "எத்தனை மணிக்கு?"

"உச்சில."

நியாஸ் கழற்றிய போனை அப்படியே விட்டு எழுந்தான். "தொழுகைக்கு நேரமாச்சு அண்ணாச்சி" என்று ஷட்டரைப் பாதி இறக்கினான். துரைப்பாண்டி பாதி ஷட்டருக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

இருபத்தெட்டாம் தேதி. இன்றைக்குக் கேம் பக்கமே போவதில்லை, பாட்டு மட்டும்தான் என்று படுத்தார். எண் மூன்று ஆனது. புற்று எழுதியது.

'14812.'

அவருக்குப் புரியவில்லை. கேமைத் திறந்து தன் கணக்கைப் பார்த்தார். முதல் நாளிலிருந்து இன்றுவரை ராஜநாகம் கொன்ற பாம்புகள்: 14812. அந்த எண்ணை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ள ஆசைதான், சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த வரி வந்தது.

'உள்ள வரட்டா?'

அறைக்கதவு சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே ஒரு விரல் அளவு இடைவெளி. இருபது வருஷமாக இருக்கிற இடைவெளிதான். அதில் வெளிச்சம் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்த வெளிச்சத்தின் குறுக்கே ஏதோ மெதுவாக இழைந்து போனது.

துரைப்பாண்டி கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு, "ராஜி" என்று கூப்பிட்டார். கூப்பிட்டதாக நினைத்தார். காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவைதான் குரல் கிடைத்தது. கதவு திறந்தது. ராஜகுமாரி நின்றாள், தோளில் அளவு டேப்போடு.

"என்னங்க, கட்டில் மேல நிக்கீங்க?"

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காலண்டர், சத்தியம், ஹார்ட்டு, கிரீடம், மகுடி, புற்று, கறுப்புப் பாம்பு. ஒன்றையும் மறைக்கவில்லை. ராஜகுமாரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். முகத்தில் ஓர் அசைவு இல்லை.

"அப்பம் ரெண்டு மாசமா சாமி பாட்டு கேக்கல."

"கேட்டேன் ராஜி. காதுல கேட்டேன்."

"கையில கொன்னீங்க. எத்தனை?"

"பதினாலாயிரத்து எண்ணூத்திச் சொச்சம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஒரு பாம்பு தெரியாம வண்டியில மாட்டிச் செத்தாலே, வெள்ளியில பாம்பு உரு வாங்கி அம்மனுக்குச் செலுத்துதோம். இத்தனைக்கு நாம எங்க போவோம்?"

"என்னதாம்ட்டி செய்ய?"

"கோயில்ல கொடியேறியாச்சு. ஊரே ஆடிச்சுற்று சுத்துது. நாளையிலிருந்து உச்சிப்பொழுதுல நீங்களும் பிரகாரத்தை நூத்தியொரு சுத்து சுத்துங்க. மூணு நாள். அதுக்கு முன்ன சன்னதியில நின்னு, இனிமே இந்தக் கேமைத் தொட மாட்டேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

"மூணு நாளா? கிரீடம் முப்பத்தொண்ணாம் தேதில்லா?"

ராஜகுமாரி கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

மறுநாள் அம்மன் சன்னதியில் நின்று சொன்னார். இந்தத் தடவை காலண்டர் இல்லை, நேரே அவளே. சொல்லி முடித்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். பயத்தால் மட்டும் இல்லை, போன கிரீடத்துக்காகவும்தான். கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் போன் ராஜகுமாரியிடம் இருந்தது. கல் பிரகாரம் சுட்டது. மஞ்சள் சேலைப் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில், எண்ணிக்கை தவறாமல் இருக்க இடுப்பில் முடிந்த மல்லிகை மொட்டில் சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போட்டுக்கொண்டே, துரைப்பாண்டி சுற்றினார். முதல் நாள் தலை சுற்றியது. இரண்டாம் நாள் பாதம் கொப்பளித்தது. மூன்றாம் நாள், எண்பதாவது சுற்றில், மனசு லேசானது. நாம் செய்தது தப்புத்தான், அது நம்மை விட்டுப் போய்விட்டது என்று அவருக்கே தோன்றியது. கண்ணில் நீர் வந்தது.

முப்பத்தொன்றாம் தேதி நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தபோது ராஜகுமாரி மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கொக்கியும் இல்லை, பிளவுசும் இல்லை. கையில் அவளுடைய போன் இருந்தது. பெருவிரல் ஓடிக்கொண்டிருந்தது. துரைப்பாண்டி எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு கறுத்த பாம்பு, தலைக்கு மேல் பெயர் இல்லாமல், தகதகவென்று ஒரு கிரீடத்தோடு போய்க்கொண்டிருந்தது.

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"நீயா?"

"கொஞ்சம் இருங்க, ஒருத்தனைச் சுத்திட்டு வாரேன்." சுற்றிவிட்டு வந்தாள். "நாந்தான். ரெண்டு மாசமா ஆடுதேன். நீங்க பாட்டுக்கு ஹார்ட்டு விட்டுக்கிட்டு இருப்பீங்க, நான் இங்கன பாம்பை விட்டுக்கிட்டு இருப்பேன்."

"சத்தியம்?"

"பண்ணுனது நீங்க. நான் ஒண்ணும் பண்ணலயே."

"அப்பம் அந்த மூணாவது ஆளு?"

"காவியா. மத்தியானம் அவளுக்குச் சாப்பாட்டு நேரம்லா. மகுடி போட்டதும் எழுதுனதும் அவதான். கூடத்துல ஓடுன அம்மன் பாட்டு நம்ம கண்ணாடி உடைஞ்ச பழைய போன்ல. நீங்க கொன்ன கணக்கு, பட்டியல்ல உங்க பேரைத் தொட்டா யாருக்கும் தெரியும். பேரில்லாம ஆடுறதுக்கு நியாஸ் வழி சொன்னான். அவன் பொண்டாட்டி ஷாஹின் பானுவுக்கு நான்தான பிளவுஸ் தைக்கேன்."

"கதவுக்கடியில போச்சே?"

ராஜகுமாரி தோளில் கிடந்த அளவு டேப்பை எடுத்துத் தரையில் ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினாள்.

துரைப்பாண்டிக்குக் கோபம் வந்தது. கொப்பளம் வலித்ததில் இன்னும் அதிகமாக வந்தது. "கட்டுன புருசனை இப்படியா பயமுறுத்துவ? என்னட்டி செஞ்சேன் உனக்கு?"

"என்ன செஞ்சீங்களா? போன மாசம் பன்னெண்டாம் தேதி, சாமி பாட்டு ஓடிக்கிட்டிருக்கு. என் பாம்பு பட்டியல்ல மூணாவது இடம். எதுக்க வந்து என்னைக் கொன்னது ராஜநாகம். உள்ள படுத்து என்னோட சேந்து பாட்டு கேக்குற ராஜநாகம். கொன்ன கையோட பாட்டுக்கு ஒரு ஹார்ட்டும் விட்டீங்க."

அவர் பாதத்தைத் தடவிக்கொண்டார். பிறகு மனசுக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. புற்றும் இல்லை, பாம்பும் இல்லை. பயப்பட ஒன்றுமே இல்லை. நாளைக்கு ஆகஸ்ட் ஒன்று. புது மாதம், புதுப் பட்டியல்.

"சரி, போகட்டும். என் போனைத் தா."

"எதுக்கு?"

"எல்லாம் நீ பண்ணுன வேலைதானே. நாளையிலிருந்து நானும் ஆடுதேன்."

ராஜகுமாரி முதன்முறையாகப் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "பயமுறுத்துனது நான்தான். சத்தியத்தை வாங்கிக்கிட்டது நான் இல்லையே, சன்னதியில இருக்கவள்ளா. அவகிட்டப் போயித் திருப்பிக் கேளுங்க."

துரைப்பாண்டி போய்க் கேட்கிற ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும். கறுத்த பாம்பு அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பியது. அவர் நகர்ந்து நகர்ந்து அவள் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பக்கத்துல உக்காந்து பாக்கவாவது செய்யலாமா?"

அவள் யோசித்தாள். அதற்குள் இரண்டு பாம்பு செத்தது.

"பாக்கலாம். அங்கன திருப்பு இங்கன திருப்புன்னு சொல்லக் கூடாது."