பாலத்துக்கு அந்தப் பக்கம் ராஜமதி

செஞ்சி, ராஜகிரி உச்சியருகே
12-1-1964, ஞாயிறு மாலை

தொண்டூர் மச்சான் தர்மநாதன் அவர்களுக்கு, செஞ்சி பத்திர எழுத்தர் அப்பாண்டைராஜன் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் தங்கள் தங்கை ராஜமதியும் நலம். ஆனால் தனித்தனியாக நலம். நடுவே ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது.

ராஜமதி வாராவாரம் பத்திரிகையில் ஒரு சித்திரக் கதை படிப்பாள். அதில் ஒரு குண்டு மனிதர் சந்தோஷத்தைத் தேடி எங்கெங்கோ அலைவார். போன வாரம் மனைவியோடு மலையேறினார். கடைசிப் படத்தில் இருவரும் சிரித்தார்கள். "பத்தொம்பது வருஷமா செஞ்சியில குடும்பம் பண்றேன், ஒரு நாளாவது கோட்டைக்கு இட்டுனு போனீங்களா?" என்றாள். சரி, நாமும் சிரித்துவிட்டு வருவோமென்று கிளம்பினால், பாதி வழியில் செருப்பு அறுந்தது, குரங்கு மேல்துண்டைப் பறித்தது, உச்சிக்கு முன்னாலுள்ள மரப்பாலத்தைத் தாண்டியதும் எனக்குத் தலை சுற்றிப்போச்சு. "பாத்தாச்சில்ல, வா போலாம்" என்று சொல்லிவிட்டு, தவழ்ந்தே இந்தப் பக்கம் வந்துட்டேன். அவள் வரவில்லை.

"கீழ வந்தா இன்னா இருக்குது? அடுப்புதான். அரை நாழி நிக்கறதுக்குள்ள போலாம்னா எதுக்கு வந்தோம்? எங்கண்ணன் வரட்டும்."

மச்சான், இது விளையாட்டில்லை. பள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். காற்று வலுக்கிறது. வெயில் இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் சமணரான நம்மவர் சாப்பிடக் கூடாது. சோற்றுத் தூக்கு அவளிடம். "நீயாவது சாப்டு!" என்று கத்தினேன். "நீங்க சாப்டாம நான் என்னிக்கு சாப்ட்டேன்?" என்று திருப்பிக் கத்தினாள். பத்தொன்பது வருஷமாக நான் அதைக் கவனித்ததே இல்லை, மச்சான். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

விறகு பொறுக்க வந்த குஞ்சம்மாள் கீழே இறங்கக் காத்திருக்கிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உடனே வரவும். தங்கள் வீட்டாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. மற்றவை நாங்கள் முழுசாக இறங்கினால் நேரில்.

இப்படிக்கு,
அப்பாண்டைராஜன்

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். மேலே கையெழுத்துப் போட்ட கையோடு, கண்ணை மூடிக்கொண்டு அவள் இருந்த பக்கம் வந்துவிட்டேன். இருவரும் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் அவள் தூக்கை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பாலத்தைத் தாண்டிவிட்டாள். இப்போது பாலத்தில் அடியெடுத்து வைக்கத் துணியாமல், இந்தக் கடிதமும் கையுமாக இங்கே மாட்டிக்கொண்டிருப்பவன் நான்தான். அவளும் குஞ்சம்மாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஆகவே, வர வேண்டாம் என்றதை ரத்து செய்கிறேன், கயிறோடு வரவும். கடிதத்தை வாங்க ராஜமதியே பாதிப் பாலம் வந்து கையை நீட்டுகிறாள். "கடுதாசி கெடக்கட்டும், கையக் குடுங்க" என்கிறாள். பேனாவை மூடுகிறேன்.