அடுத்தவரைப் பற்றிப் பேசக்கூடாது

“நான் எதுக்குப் போகணும்? குடிக்கிறது நீங்க.”

“சும்மா போய்ப் பாத்துட்டு வான்னுதான் சொல்றேன். எப்படிப்பட்ட ஆளுங்க, என்ன கேப்பாங்க, கதவைப் பூட்டிடுவாங்களா, ஒண்ணும் தெரியாம எப்படிப் போறது?”

“குடிக்கப் போறப்ப இவ்வளவு விசாரிச்சீங்களா?”

கணவன் வேலைச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். பதினைந்து நாளுக்கு முன் போதையில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி அடுக்கு ஒன்றை வண்டியோடு சாய்த்துவிட்டான். குடியை விடுகிறவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போனால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

“நல்லவங்கதான்னு நீ வந்து சொன்னா, அடுத்த வாரம் கண்டிப்பாப் போறேன். உம்மேல சத்தியம்.”

“எம்மேல ஏன்? உங்க மேல பண்ணுங்க.”

ஆனாலும் புறப்பட்டாள். பதினொரு வருடத்தில் ‘போறேன்’ என்று அவன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காகத் தையல்கடையை அரை நாள் சாத்தினாள். சாத்திய வேகத்தில் ஷட்டர் தெருவுக்கே கேட்டது.

சனிக்கிழமை நாலு மணி, மருந்துக்கடைக் கட்டடம். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பல் மருத்துவருக்குப் பலகை இருந்தது, கணினி வகுப்புக்கு இரண்டு இருந்தன. கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. வருகிறவர் பெயர் வெளியே தெரியக்கூடாது என்ற கவலையில் கூட்டத்தையே ஒளித்து வைத்திருந்தார்கள். இரண்டு மாடி ஏறி இறங்கியதில் அவளுக்கு மூச்சும் வாங்கியது, கோபமும் ஏறியது.

“குடியை விடறவங்க கூட்டம் எங்கங்க நடக்குது?” என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாள்.

வரிசையில் நின்ற ஐந்து தலைகளும் திரும்பின. அதில் ஒன்று, அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் டீச்சர்.

“எனக்கில்ல டீச்சர். வீட்டுக்காரருக்கு.”

“அவர் எங்க?”

“வரல.”

டீச்சர் அவள் தோளை மெல்லத் தொட்டார். “தைரியமாப் போங்க. என் சட்டையில ஒரு கை நீளமாவும் ஒரு கை குட்டையாவும் ஏன் வந்துச்சுன்னு இப்பதான் புரியுது.”

மூன்றாவது மாடி என்று கடைக்காரர் சைகையால் காட்டினார். வாயைத் திறந்து சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது போல.

அறையில் பத்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக இருந்தன. மேசையில் ஒரு டீ பிளாஸ்க். நரைத்த தாடிக்காரர் ஒருவர் எழுந்து, “வாங்கம்மா. இங்க பேர் வேணாம். என்னை பைண்டர்னு கூப்பிடுவாங்க, புத்தகம் தைக்கிறவன். முதல் தடவை படி ஏறுறதுதான் கஷ்டம்,” என்றார்.

“நான் குடிக்கிறதில்லைங்க. என் வீட்டுக்காரர்தான்...”

“இங்க அடுத்தவங்களப் பத்திப் பேசறதில்ல. நம்மளப் பத்தி மட்டும்தான்.”

“என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? நான்தான் தொட்டதே இல்லையே.”

வட்டத்தில் இருந்த தலைகள் எல்லாம் ஆதரவாக ஆடின.

“நான் ஆறு வருஷம் இதையேதான் சொன்னேன்,” என்றார் மூலையில் இருந்த பெரியவர்.

“ஐயா, ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்ல.”

“நானும் சொட்டாக் குடிச்சதில்லம்மா,” என்றாள் பக்கத்தில் நர்ஸ் உடையோடு இருந்த பெண்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

“சரி. உங்க விதிப்படியே என்னைப் பத்தி மட்டும் பேசறேன். பீரோவுல துணிக்கு அடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால, தையல் மெஷின் மூடிக்குள்ள, எங்கெங்க பாட்டில் இருக்குன்னு எனக்கு அத்துப்படி. கண்ணு முழிச்சதும் அதைத் தேடறதுதான் முதல் வேலை. எம் பொண்ணு ஸ்கூல்ல பரிசு வாங்கினப்ப உள்ள போக வெக்கப்பட்டு கேட்லயே நின்னேன். அக்கம்பக்கத்துல பொய், அம்மாகிட்ட பொய். கோவத்துல கை நடுங்குது, பாருங்க. பதினொரு வருஷமா என் வாழ்க்கை ஒரு பாட்டிலைச் சுத்தியே ஓடுது. போதும்.”

தன் குரல் கேட்டு அவளே நின்றுவிட்டாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பைண்டர் ‘முதல் நாள்’ என்று எழுதிய மரவில்லை ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை மேசையில் விட்டெறிந்தாள்.

“நானும் எறிஞ்சேன்,” என்றார் பெரியவர் பாசத்தோடு.

அவள் தடதடவென்று இறங்கினாள். ஆனாலும் இரண்டாவது மாடி வருவதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. கிறுக்குப் பிடித்தவர்கள்தான், ஆனால் நல்லவர்கள். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம். அடுத்த சனிக்கிழமை அவன் வந்தே ஆகவேண்டும்.

கடைசிப் படியில் துடைப்பத்தோடு நின்ற பெருக்குகிற அக்கா வழி மறித்தாள்.

“தையல்கடைக்காரம்மா நீங்கதானே?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மேல இருக்கறவங்க அடுத்தவங்களப் பத்திப் பேசமாட்டாங்க, எனக்கென்ன, நான் சொல்றேன். போன சனிக்கிழமை உங்க வீட்டுக்காரர் இந்தப் படியிலயே நின்னு, ‘அடுத்த வாரம் தையல்கடை வச்சிருக்கிற என் சம்சாரம் வருவா, குடிக்கவே இல்லன்னு சாதிப்பா, கண்டபடி கத்துவா, நீங்கதான் அவளக் காப்பாத்தணும்’னு பைண்டர்கிட்ட சொல்லி அப்படி அழுதாரு. அந்த மனுசனுக்காக, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காம இருப்பீங்களாம்மா?”